குழந்தைகளின் உணவு ஒவ்வாமை: கண்டறிவதும் கவனிப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைகளின் உணவு ஒவ்வாமையில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. பரிசோதனைத் தாளில் உள்ள எண்ணை மட்டும் நம்பி, குழந்தை நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த உணவுகளை எல்லாம் நிறுத்திவிடுவது ஒன்று. உண்மையிலேயே உயிருக்கு ஆபத்தான எதிர்வினை வரும்போது, போட வேண்டிய ஊசியைப் போடத் தயங்குவது மற்றொன்று. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இவ்விரண்டையும் மனத்தில் வைத்தே எழுதப்பட்டுள்ளன. இவை பொதுவான விளக்கங்கள் மட்டுமே. உங்கள் குழந்தைக்கான முடிவை அதை நேரில் பார்த்த மருத்துவரே எடுக்க வேண்டும்.

உணவு ஒத்துக்கொள்ளாமல் போவதெல்லாம் ஒவ்வாமைதானா?

இல்லை. உணவிலுள்ள ஒரு புரதத்தை உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு பகையாக எடுத்துக்கொண்டு எதிர்வினை காட்டினால்தான் அது ஒவ்வாமை. திடீரென்று வரும் எதிர்வினைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளே காரணம். அமெரிக்காவில் ஆய்வு செய்துவந்த இஷிசாகா தம்பதியர் 1966-இல் இதை அடையாளம் கண்டனர். ஸ்வீடனில் யோஹான்சனும் பென்னிச்சும் ஏறத்தாழ அதே காலத்தில் தனியாகக் கண்டறிந்தனர். இந்த எதிர்ப்பொருள் தோல், மூச்சுக்குழாய், குடல் ஆகியவற்றிலுள்ள மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குரிய புரதம் மீண்டும் உள்ளே வந்தவுடன் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் முதலான வேதிப்பொருள்களை வெளியிடும். தடிப்பு, உதட்டு வீக்கம், வாந்தி, இளைப்பு, இரத்த அழுத்தம் குறைதல் ஆகிய அனைத்தும் இதனால் வருபவையே. ஆகவேதான் இவ்வகை ஒவ்வாமை, சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடுகிறது.

பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்தால் வயிறு உப்பும், பேதியாகும். அது செரிமானக் குறைபாடு, அதில் உயிராபத்து இல்லை. தக்காளி, ஆரஞ்சு போன்ற புளிப்பான உணவு பட்ட இடத்தில், வாயைச் சுற்றி மட்டும் சற்று நேரம் சிவந்து மறைவதும் பெரும்பாலும் தோல் எரிச்சலே. சிறு குழந்தைகளுக்கு உடலெங்கும் தடிப்பு வருவதற்கு மிகச் சாதாரணமான காரணம் வைரஸ் தொற்று என்பதைப் பலர் அறிவதில்லை. சளி காய்ச்சலோடு வந்து, நாள்கணக்கில் மறைந்தும் தோன்றியும் கொண்டிருக்கும் தடிப்புக்கு முந்தைய நாள் சாப்பிட்ட உணவைக் குற்றம் சொல்வது பெரும்பாலும் பொருந்தாது.

எந்தெந்த உணவுகள் அதிகமாக ஒவ்வாமை தருகின்றன?

எந்த உணவும் தரலாம் என்றாலும், குழந்தைகளிடம் மீண்டும் மீண்டும் காணப்படுபவை பசும்பால், முட்டை, வேர்க்கடலை, முந்திரி, பிஸ்தா, வால்நட் போன்ற கொட்டைப் பருப்புகள், கோதுமை, சோயா, எள், மீன், இறால், நண்டு ஆகியவைதாம்.

என் குழந்தைக்குச் சாப்பிட்ட உடனே ஒன்றும் ஆவதில்லை. இரண்டு மூன்று மணி நேரம் கழித்து விடாமல் வாந்தி எடுக்கிறது. இதுவும் ஒவ்வாமையா?

இருக்கலாம். ஐஜிஇ சம்பந்தப்படாத ஒவ்வாமைகளும் உண்டு. அவற்றில் ஒன்று, குறிப்பிட்ட உணவைச் சாப்பிட்ட ஒன்று முதல் நான்கு மணி நேரத்துக்குள் அடுத்தடுத்து வாந்தி வந்து, குழந்தை வெளிறித் துவண்டுபோகும் குடல் ஒவ்வாமை. தடிப்போ இளைப்போ இதில் இராது. தோல் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் பெரும்பாலும் ஒன்றும் காட்டா. பால், சோயா, அரிசி, ஓட்ஸ் ஆகியவை இதற்குப் பெயர் போனவை. வயிற்றுத் தொற்று என்றோ இரத்தத்தில் பரவிய கிருமித் தொற்று என்றோ தவறாக எண்ணப்பட்டு, இரண்டு மூன்று முறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பிறகே இது பிடிபடுவதும் உண்டு. ஒவ்வொரு முறையும் அதே உணவுக்குப் பிறகு அதே இடைவெளியில் வாந்தி வந்தது என்ற பெற்றோரின் கவனிப்பே இங்கே நோயைக் காட்டிக்கொடுக்கும். சிகிச்சையில் முதன்மையானது உடலில் குறைந்த நீரை ஈடுசெய்வதாகும். குழந்தை துவண்டிருந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மற்றொன்று, பிறந்த சில வாரங்களில், நன்றாகப் பால் குடித்து எடையும் ஏறிவரும் குழந்தையின் மலத்தில் இரத்தக் கீற்றுகள் தெரிவது. பசும்பால் புரதமே இதற்குப் பெரும்பாலும் காரணம். தாய்ப்பால் வழியாகவும் அது வரலாம். பார்க்கப் பதற்றமாக இருந்தாலும், பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதை ஒட்டிச் சரியாகிவிடும். தாய் சில வாரம் பால் பொருள்களை நிறுத்தி, பிறகு மீண்டும் சாப்பிட்டுப் பார்த்தே முடிவுக்கு வர வேண்டும். அந்த இரண்டாம் படியைச் செய்யாமலே மாதக்கணக்கில் பத்தியம் இருக்கும் தாய்மார்கள் பலர்; அது அவர்களுக்குத் தேவையற்ற சுமை.

மருத்துவரிடம் போகும்போது என்னென்ன விவரங்களைச் சொல்ல வேண்டும்?

உணவு ஒவ்வாமையைக் கண்டறிவதில் பாதிக்கு மேற்பட்ட வேலை இந்த உரையாடலில்தான் நடக்கிறது. குழந்தை எதைச் சாப்பிட்டது, எவ்வளவு சாப்பிட்டது, அது பச்சையாக இருந்ததா, வேகவைத்ததா, மாவோடு கலந்து அடுப்பில் சுட்டதா, எத்தனை நிமிடத்தில் முதல் அறிகுறி தெரிந்தது, எது முதலில் வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, என்ன மருந்து கொடுத்தீர்கள், எப்படி அடங்கியது ஆகியவற்றை வரிசையாக எழுதிக்கொண்டு போங்கள். அன்று காய்ச்சல் இருந்ததா, ஓடி விளையாடியதா, வலி மாத்திரை எதுவும் எடுத்ததா என்பதும் முக்கியம். இவை ஒவ்வாமை எதிர்வினையைத் தூண்டவோ கடுமையாக்கவோ வல்லவை. தடிப்பை உடனே கைப்பேசியில் படம் எடுத்துவையுங்கள்; மருத்துவரைப் பார்ப்பதற்குள் அது மறைந்துபோயிருக்கும். பொட்டலத்தில் அடைத்த உணவானால் உறையைத் தூக்கி எறியாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: அதற்கு முன்போ பின்போ அதே உணவைக் குழந்தை தொல்லையில்லாமல் சாப்பிட்டிருக்கிறதா? முட்டைப் பரிசோதனையில் ஒரே அளவு தடிப்பு காட்டிய இரண்டு குழந்தைகளை எண்ணிப் பாருங்கள். ஒரு குழந்தை வாரத்துக்கு மூன்று முட்டை சாப்பிட்டு நலமாக இருக்கிறது. மற்றது ஒரு கரண்டி முட்டை சாப்பிட்ட பத்தாவது நிமிடத்தில் முகம் வீங்கி வாந்தி எடுத்தது. பரிசோதனை முடிவு ஒன்றேயானாலும், முதல் குழந்தைக்கு முட்டை ஒவ்வாமை இல்லை, இரண்டாவது குழந்தைக்கு உண்டு.

தோல் பரிசோதனை எப்படிச் செய்யப்படுகிறது? வலிக்குமா?

முன்கையிலோ முதுகிலோ பேனாவால் குறியிட்டு, ஒவ்வொரு குறிக்கருகிலும் ஓர் உணவின் சாற்றை ஒரு சொட்டு வைப்பார்கள். அந்தச் சொட்டின் வழியாக ஒரு சிறிய பிளாஸ்டிக் ஊசிமுனையால் தோலின் மேற்பரப்பை மெல்லக் குத்துவார்கள்; இரத்தம் வராது. கூடவே உப்புநீர்ச் சொட்டு ஒன்றும் ஹிஸ்டமின் சொட்டு ஒன்றும் வைக்கப்படும். உப்புநீர் வைத்த இடம் தடிக்கக் கூடாது, ஹிஸ்டமின் வைத்த இடம் கட்டாயம் தடிக்க வேண்டும். இவ்விரண்டும் ஒழுங்காக இருந்தால்தான் மற்றவற்றைப் படிப்பதில் பொருள் உண்டு. பதினைந்து நிமிடம் கழித்துத் தடிப்பின் விட்டத்தை அளப்பார்கள். உப்புநீர் வைத்த இடத்தைவிட 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் பாசிட்டிவ். வலி என்று சொல்ல முடியாது. சற்று நேரம் அரிக்கும், அவ்வளவே. கைக்குழந்தைக்கும் செய்யலாம். ஒவ்வாமை மாத்திரைகளும் சில இருமல், சளி மருந்துகளும் தடிப்பை அமுக்கிவிடும் என்பதால், எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரு வாரம் வரை சொல்வார்கள்.

நெகட்டிவ் என்று வந்தால் உடனடி வகை ஒவ்வாமை இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம். பாசிட்டிவ் என்று வந்தால் அந்த அளவுக்கு நம்ப முடியாது. பாசிட்டிவ் வந்தவர்களில் பாதிப்பேர்வரை அந்த உணவை எந்தத் தொல்லையும் இல்லாமல் சாப்பிடக்கூடியவர்கள். உடலில் எதிர்ப்பொருள் இருப்பது வேறு, சாப்பிட்டால் நோய் வருவது வேறு.

இரத்தப் பரிசோதனையில் எண் மிக அதிகமாக வந்திருக்கிறது. அப்படியானால் எதிர்வினையும் கடுமையாக இருக்குமா?

ஓர் உணவுக்கான ஐஜிஇ இரத்தத்தில் எவ்வளவு உள்ளது என்பதைக் காட்டும் இந்த எண், ஒவ்வாமை உண்மையில் இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பதைச் சொல்கிறது. எதிர்வினை எவ்வளவு கடுமையாக வரும் என்பதைச் சொல்வதில்லை. எண் குறைவாக உள்ள குழந்தைக்கு மூச்சுத் திணறலும், எண் மிக அதிகமாக உள்ள குழந்தைக்குச் சில தடிப்புகள் மட்டுமேயும் வரலாம். பல ஆய்வகங்கள் 0.35 அலகுக்கு மேல் என்றாலே பாசிட்டிவ் என்று தடித்த எழுத்தில் அச்சிடும். ஆனால் அமெரிக்க ஒவ்வாமை நிபுணர் ஹியூ சாம்ப்சன் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வாமை உண்டு என்று 95 சதவீத உறுதியோடு சொல்வதற்கு முட்டைக்கு 7 அலகும், வேர்க்கடலைக்கு 14 அலகும், பாலுக்கு 15 அலகும் தேவைப்பட்டன. கைக்குழந்தைகளுக்கு இந்த எல்லைகள் இன்னும் குறைவு. உணவுக்கு உணவு, வயதுக்கு வயது பொருள் மாறும் எண்ணை அச்சிட்ட தாளிலிருந்து பெற்றோர் தாமே படித்து முடிவு செய்ய முடியாது.

இதன் காரணமாகவே, எதற்கும் இருக்கட்டும் என்று முப்பது நாற்பது உணவுகளுக்கு ஒரே நேரத்தில் பரிசோதனை எடுப்பதை நான் சற்றும் ஏற்கவில்லை. அத்தனை உணவுகளில் சில எப்படியும் பாசிட்டிவ் காட்டும். பயந்துபோன குடும்பம் அவற்றை எல்லாம் நிறுத்தும். குழந்தை எடை குறையும். நடந்த நிகழ்ச்சி எந்த உணவைச் சுட்டுகிறதோ அதற்கு மட்டுமே பரிசோதனை வேண்டும். சில உணவுகளில் குறிப்பிட்ட ஒரு புரதத்துக்கான எதிர்ப்பொருளைத் தனியே அளப்பது உதவும். வேர்க்கடலையில் அரா எச் 2 என்னும் புரதம் அத்தகையது.

ஐஜிஜி பரிசோதனை, முடிப் பரிசோதனை முதலியவை பயன்படுமா?

பயன்படா. ஐஜிஜி எதிர்ப்பொருள், அந்த உணவைக் குழந்தை சாப்பிட்டுவந்திருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். முடிக்கும் உணவு ஒவ்வாமைக்கும் தொடர்பே இல்லை. இவற்றை நம்பி எந்த உணவையும் நிறுத்தாதீர்கள்.

உணவைக் கொடுத்தே பார்க்கும் சோதனை எதற்கு? அது ஆபத்தில்லையா?

சந்தேகம் தீராதபோது முடிவான விடை இதில்தான் கிடைக்கும். மருத்துவமனையில், அட்ரீனலின் ஊசியும் ஆக்சிஜனும் தயாராக இருக்க, பயிற்சி பெற்றவர்களின் கண்காணிப்பில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். குழந்தை அன்று சளி, காய்ச்சல், இளைப்பு எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். முதலில் மிகச் சிறிய அளவு, சில நேரம் உதட்டில் தடவும் அளவே கொடுப்பார்கள். பதினைந்து முதல் முப்பது நிமிட இடைவெளியில் படிப்படியாக அளவைக் கூட்டி, அந்த வயதுக் குழந்தை ஒரு வேளைக்குச் சாப்பிடும் அளவு வரை கொண்டுபோவார்கள். ஒவ்வொரு படிக்கும் முன்பு தோல், மூச்சு, நாடித்துடிப்பு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். திட்டவட்டமான அறிகுறி தெரிந்தால் அங்கேயே நிறுத்திச் சிகிச்சை தருவார்கள். கடைசி அளவுக்குப் பிறகும் ஓரிரு மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். ஆகையால் அரை நாளுக்கு மேல் ஆகும் என்று எண்ணியே புறப்படுங்கள்.

எதிர்வினை வரவே வராது என்று சொல்ல முடியாது. ஆனால் அது வரும் இடம், உடனே சிகிச்சை கிடைக்கும் இடம். எதிர்வினை ஏதும் இல்லாமல் குழந்தை சோதனையில் தேறிவிட்டால், வீடு திரும்பிய பின் அந்த உணவைத் தொடர்ந்து கொடுத்துவருவது அவசியம். பழைய பயத்தால் மறுபடி விலக்கி வைப்பவர்கள், கிடைத்த பலனை இழந்துவிடுகிறார்கள். இதே சோதனையை வீட்டில் தாமாகச் செய்து பார்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

குழந்தைக்குக் கரப்பான் இருக்கிறது. பால், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திப் பார்க்கலாமா?

எக்ஸிமா என்று சொல்லப்படும் இந்தக் கரப்பானுக்கு முதல் மருந்து தோலில் இருக்கிறது, தட்டில் இல்லை. தாராளமாக ஈரப்பதக் களிம்பு தடவுவதும், மருத்துவர் சொன்ன ஸ்டீராய்டு களிம்பைச் சரியான அளவில் போடுவதும் பெரும்பாலான குழந்தைகளுக்குப் போதும். சிறு வயதில் கடுமையான கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு உணவு ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகம் என்பது உண்மைதான். ஆனால் உணவு கரப்பானைக் கொண்டுவருகிறது என்பதைவிட, வெடித்த தோல் வழியாக வீட்டுத் தூசியிலுள்ள உணவுப் புரதம் உள்ளே நுழைந்து ஒவ்வாமையை உண்டாக்குகிறது என்பதற்கே இன்று சான்று வலுவாக இருக்கிறது. அதே புரதம் வாய் வழியாகக் குடலுக்குப் போனால், உடல் அதைப் பழக்கப்பட்டதாக ஏற்கக் கற்றுக்கொள்கிறது. லண்டனைச் சேர்ந்த ஒவ்வாமை மருத்துவர் கிடியன் லாக் 2008-இல் முன்வைத்த இந்தக் கருத்து, பிற்பாடு வந்த ஆய்வுகளின் திசையையே மாற்றியது.

ஆகவே குழந்தை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் உணவைக் கரப்பானுக்காக நீண்ட நாள் நிறுத்தினால், உள்ள சகிப்புத்தன்மையும் போய், பிறகு எப்போதாவது அதைச் சாப்பிடும்போது கடுமையான உடனடி எதிர்வினை வரும் அபாயம் உண்டு. நல்ல தோல் சிகிச்சைக்குப் பிறகும் அடங்காமல், குறிப்பிட்ட உணவோடு தொடர்பு தெளிவாகத் தெரிந்தால் மட்டும், மருத்துவர் சொல்லும் குறுகிய காலத்துக்கு ஒரே ஓர் உணவை நிறுத்திப் பார்க்கலாம்.

ஆபத்தான எதிர்வினையை எப்படி அடையாளம் காண்பது? அப்போது என்ன செய்ய வேண்டும்?

உயிருக்கு ஆபத்தான இந்த எதிர்வினைக்கு அனாஃபைலாக்சிஸ் என்று பெயர். குரல் கம்முவது, விடாத இருமல், மூச்சில் விசில் சத்தம், நாக்கு வீக்கம், விழுங்க முடியாமை, திடீர் வெளிறல், மயக்கம், துவண்டு விழுதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அது அனாஃபைலாக்சிஸ்தான் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தடிப்போடு மீண்டும் மீண்டும் வாந்தி வந்தாலும் அப்படியே. தோலில் ஒன்றும் இல்லையே என்று ஆறுதல் அடையாதீர்கள். பத்தில் ஓரிருவருக்குத் தோலில் எந்த அடையாளமும் இராது. பேசத் தெரியாத கைக்குழந்தை திடீரென்று அசாதாரணமாக அடங்கிப்போவதும், அழுகைக் குரல் கரகரப்பதும், எச்சில் வழிந்துகொண்டே இருப்பதும் எச்சரிக்கைகள்.

இதற்கு மருந்து ஒன்றே: அட்ரீனலின். அதை தொடையின் வெளிப்பக்க நடுப்பகுதியில், தசைக்குள் போட வேண்டும். அளவு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.01 மி.கி.; குழந்தைகளுக்கு ஒரு முறைக்கு உச்ச அளவு பெரும்பாலும் 0.3 மி.கி. தானே செலுத்தும் பேனா வடிவ ஊசிகள் 0.15 மி.கி., 0.3 மி.கி. அளவுகளில் வருகின்றன, உங்கள் குழந்தையின் எடைக்கு எது என்பதை மருத்துவர் எழுதித் தருவார். குழந்தையை மடியில் கிடத்தி, காலை அசையாதபடி ஒரு கையால் உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஊசி உள்ளே இருக்கும்போது உதைத்தால் தோல் கிழியும். மறுகையில் பேனாவை முஷ்டிக்குள் பிடியுங்கள். கட்டைவிரல் முனைமேல் இருக்கக் கூடாது. பாதுகாப்பு மூடியை எடுத்துவிட்டு, தொடையில் செங்குத்தாக அழுத்தி, அந்தக் கருவிக்குச் சொல்லியுள்ள விநாடிகள் வரை அப்படியே வைத்திருங்கள். உடுப்பைக் கழற்ற வேண்டியதில்லை, மெல்லிய துணி வழியாகவே போடலாம். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் தேறவில்லை என்றால் இரண்டாவது ஊசி போடலாம். அதனால்தான் எப்போதும் இரண்டு ஊசிகள் கைவசம் இருக்க வேண்டும்.

குழந்தையைப் படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் கால் நீட்டி உட்காரவைக்கலாம். வாந்தி எடுத்தாலோ நினைவிழந்தாலோ ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். தேறியதுபோல் தெரிந்தாலும் எழுந்து நிற்கவோ நடக்கவோ விடாதீர்கள். திடீரென்று எழும்போது இரத்த அழுத்தம் சரிந்து இறந்தவர்கள் உண்டு. சிலருக்குச் சில மணி நேரம் கழித்து எதிர்வினை மீண்டும் தலைகாட்டும் என்பதால், ஊசி போட்டுச் சரியானாலும் மருத்துவமனைக் கண்காணிப்பு தேவை.

ஒவ்வாமை மாத்திரை அல்லது சிரப்பை முதலில் கொடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு ஊசி போடலாமா?

கூடாது. ஒவ்வாமை மாத்திரை அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும். மூச்சுக்குழாயைத் திறக்காது, விழுந்த இரத்த அழுத்தத்தை ஏற்றாது. சில தடிப்புகள் மட்டும் இருந்தால் அதைக் கொடுத்துவிட்டு, குழந்தையை விட்டு நகராமல் கவனிக்கலாம். மேலே சொன்ன அறிகுறி ஒன்று தெரிந்தாலும் ஊசிதான் முதலில். ஸ்டீராய்டு வேலை செய்யச் சில மணி நேரம் ஆகும். அதையும் நம்பிக் காத்திருக்க முடியாது. உணவு ஒவ்வாமை மரணங்களை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது, அட்ரீனலின் போடப்படவே இல்லை, அல்லது மிகத் தாமதமாகப் போடப்பட்டது என்பதையே. சரியான அளவில் தசையில் போடும் ஊசியால் சற்று நேரம் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், முகம் வெளிறும். குழந்தைகளுக்கு அதற்கு மேல் தீங்கு வருவது மிக அரிது. போடலாமா வேண்டாமா என்ற ஐயம் எழுந்தால் போட்டுவிடுங்கள்.

கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமா எதிர்வினையின் ஆபத்தைப் பெருக்கும். உணவு ஒவ்வாமையுள்ள குழந்தைக்கு ஆஸ்துமாவும் இருந்தால், தினசரி இன்ஹேலரைத் தவறவிடாமல் எடுப்பதும் ஒவ்வாமைச் சிகிச்சையின் ஒரு பகுதியே.

வீட்டில் எந்த அளவுக்கு எச்சரிக்கை வேண்டும்? வாசனை பட்டாலே வந்துவிடுமா?

கடுமையான எதிர்வினைகள் பெரும்பாலும் வாய் வழியாக உள்ளே போவதால்தான் வருகின்றன. வேர்க்கடலை விழுது தோலில் பட்டால் அந்த இடம் சிவக்கலாம். அதன் வாசனையால் மட்டும் அனாஃபைலாக்சிஸ் வருவதில்லை. மீன், இறால் முதலியவை கொதிக்கும்போது எழும் ஆவி வேறு. அதில் புரதம் கலந்திருப்பதால் சிலருக்கு இளைப்பு வரலாம். கைகளை சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவ வேண்டும், அல்லது ஈரத் துடைப்பான் பயன்படுத்த வேண்டும். கைச் சுத்திகரிப்பு ஜெல் கிருமியைக் கொல்லும், புரதத்தை அகற்றாது. கரண்டி, வெட்டுப்பலகை, பொரிக்கும் எண்ணெய் ஆகியவை பொதுவாகப் பயன்படும்போதுதான் கண்ணுக்குத் தெரியாமல் கலப்பு நடக்கிறது.

பொட்டல உணவின் உறையை ஒவ்வொரு முறை வாங்கும்போதும் படியுங்கள், ஏற்கெனவே பல முறை வாங்கியதாக இருந்தாலும். செய்முறை முன்னறிவிப்பில்லாமல் மாறும். பால் என்ற சொல் இல்லாமலே கேசின், வே என்று எழுதியிருக்கலாம். இரண்டும் பால் புரதங்கள். கட்டாயம் அறிவிக்க வேண்டியவற்றின் பட்டியலும் நாட்டுக்கு நாடு மாறும்: ஐரோப்பிய ஒன்றியத்தில் 14, அமெரிக்காவில் 2023-இல் எள் சேர்க்கப்பட்ட பிறகு 9. "கலந்திருக்கக்கூடும்" என்ற எச்சரிக்கை பெரும்பாலான நாடுகளில் நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. அது இல்லை என்பதால் கலப்பு இல்லை என்று பொருளாகாது.

பசும்பாலை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஆட்டுப்பால் கொடுக்கலாமா?

வேண்டாம். இரண்டு பால்களின் புரதங்களும் மிக நெருங்கியவை என்பதால் பசும்பால் ஒவ்வாமையுள்ள பெரும்பாலானவர்களுக்கு ஆட்டுப்பாலும் ஒத்துக்கொள்ளாது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதையே தொடரலாம். பால் மாவு தேவைப்படும் குழந்தைக்குப் புரதம் முழுவதும் சிதைக்கப்பட்ட மாவும், அதுவும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அமினோ அமில மாவும் உள்ளன. பாதி சிதைத்த மாவு இதற்கு உதவாது. ஓட்ஸ், பாதாம் பானங்களில் புரதமும் ஆற்றலும் குறைவாதலால் ஒரு வயதுக்குள் அவை முதன்மை உணவாகக் கூடாது. பால் நிற்கும்போது கால்சியம், வைட்டமின் டி, அயோடின் ஆகியவையும் கூடவே குறைகின்றன. உணவியல் நிபுணரின் ஆலோசனையும், எடை உயரத்தைத் தவறாமல் அளந்து பதிவதும் இங்கே கட்டாயம்.

பள்ளிக்கு என்ன சொல்லி வைக்க வேண்டும்?

எந்த உணவு ஆகாது, எந்த அறிகுறிக்கு என்ன செய்ய வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்பதை மருத்துவர் கையொப்பத்துடன் ஒரே பக்கத்தில் எழுதி, குழந்தையின் படத்தோடு கொடுங்கள். ஊசி பூட்டிய அலமாரியில் இருந்தால் பயனில்லை. எட்டும் இடத்தில், வெயில் படாமல், குளிர்பதனப் பெட்டிக்கும் வெளியே இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் பயிற்சிக் கருவியில் செய்து பழகட்டும். காலாவதித் தேதியைக் குறித்து வையுங்கள். உணவைப் பகிர்ந்து உண்ணாமல் இருப்பதையும், உடம்புக்கு ஏதோ செய்கிறது என்று உடனே பெரியவரிடம் சொல்வதையும் குழந்தைக்குச் சொல்லிக்கொடுங்கள். மற்றக் குழந்தைகள் அந்த உணவைக் காட்டிக் கேலி செய்வதும் பயமுறுத்துவதும் உண்டு. அதை விளையாட்டு என்று விட்டுவிடக் கூடாது.

வளரிளம் பருவத்தினரே இறப்பு அபாயம் மிகுந்தவர்கள். தனியே வெளியே சாப்பிடத் தொடங்கும் வயது அது. நண்பர்கள் முன் கேட்கக் கூச்சப்படுவார்கள், ஊசியை எடுத்துப்போக மறப்பார்கள். பத்து வயதிலிருந்தே உறையைப் படிப்பதையும் ஊசி போடுவதையும் அவர்கள் கையிலேயே படிப்படியாக ஒப்படைப்பது நல்லது.

முட்டை ஒவ்வாமை இருந்தால் தடுப்பூசி போடலாமா?

தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா ஆகியவற்றுக்கான தடுப்பூசியைத் தாராளமாகப் போடலாம். ஃபுளூ தடுப்பூசியும் அப்படியே. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்கு மட்டும் முன்கூட்டியே ஒவ்வாமை நிபுணரைக் கேட்க வேண்டும்.

வயது ஏற ஏற இது தானாகப் போய்விடுமா?

உணவைப் பொறுத்தது. பால், முட்டை, கோதுமை, சோயா ஒவ்வாமைகள் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பள்ளி வயதிலோ வளரிளம் பருவத்துக்குள்ளோ நீங்கிவிடும். வேர்க்கடலை ஒவ்வாமை ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கும், கொட்டைப் பருப்பு ஒவ்வாமை பத்தில் ஒருவருக்கும் நீங்குகிறது. மீன், இறால் ஒவ்வாமைகள் பெரும்பாலும் நிலைத்துவிடும். அதனால் ஒரு முறை சொன்ன முடிவையே ஆண்டுக்கணக்கில் பிடித்துக்கொண்டிராமல், குறிப்பிட்ட இடைவெளியில் மறுபரிசோதனை செய்ய வேண்டும்.

மாவோடு கலந்து நீண்ட நேரம் சூட்டில் வைத்துச் சுடும்போது பால், முட்டைப் புரதங்களின் வடிவம் மாறுகிறது. பசும்பால் ஒவ்வாமையுள்ள குழந்தைகளில் நான்கில் மூவர் அளவுக்கு, அவ்வாறு சுட்ட உணவிலுள்ள பாலைத் தாங்குகிறார்கள். இதை வைத்து, நன்கு சுட்டதிலிருந்து தொடங்கிப் படிப்படியாகச் சாதாரணப் பால் வரை ஏறும் முறை உண்டு. கடுமையான எதிர்வினை வந்த குழந்தைக்கும் ஆஸ்துமா அடங்காத குழந்தைக்கும் இதை வீட்டில் தொடங்கக் கூடாது.

மருந்து கொடுத்துக் குணப்படுத்த முடியாதா?

முழுக் குணம் என்று உறுதி சொல்லும் சிகிச்சை இன்னும் இல்லை; பாதுகாப்பைக் கூட்டும் சிகிச்சைகள் உள்ளன. ஒவ்வாத உணவையே மிகச் சிறிய அளவில் நாள்தோறும் கொடுத்து, மாதக்கணக்கில் கூட்டிச் செல்வது ஒன்று. வேர்க்கடலைக்கான அத்தகைய மருந்தை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020 ஜனவரியில் அனுமதித்தது. தவறுதலாகச் சிறிதளவு உள்ளே போனால் தாங்கும் ஆற்றலை இது தரும். ஆனால் தினமும் விடாமல் சாப்பிட வேண்டும், சிகிச்சையின்போதே எதிர்வினைகள் வரலாம், காய்ச்சல் நாள்களில் அளவை மாற்ற வேண்டும், மருந்து எடுத்தவுடன் ஓடியாடக் கூடாது.

ஐஜிஇயைப் பிடித்து முடக்கும் ஓமலிசுமாப் ஊசியை, ஒரு வயதுக்கு மேற்பட்டோரின் உணவு ஒவ்வாமைக்காக அதே நிர்வாகம் 2024 பிப்ரவரியில் அனுமதித்தது. அதற்கு ஆதாரமான ஆய்வில், நான்கு மாதச் சிகிச்சைக்குப் பிறகு 67 சதவீதத்தினர் குறைந்தது 600 மி.கி. வேர்க்கடலைப் புரதத்தைத் தாங்கினர். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத ஊசி பெற்றவர்களில் 7 சதவீதத்தினரே தாங்கினர். இதைப் போட்டுக்கொள்பவர்களும் அந்த உணவைத் தவிர்க்கத்தான் வேண்டும். எதிர்வினை வரும் நேரத்தில் அட்ரீனலினுக்கு மாற்றாக இதைப் போட முடியாது.

அடுத்த குழந்தைக்கு வராமல் தடுக்க முடியுமா? முன்கூட்டியே பரிசோதிக்கலாமா?

ஒவ்வாமை தரும் உணவுகளைத் தள்ளிப்போடுங்கள் என்பதே முன்பு சொல்லப்பட்ட அறிவுரை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2000-இல், ஒவ்வாமை வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு முட்டையை இரண்டு வயது வரையும், வேர்க்கடலையையும் மீனையும் மூன்று வயது வரையும் தவிர்க்கச் சொன்னது. 2008-இல் அந்த அறிவுரையைக் கைவிட்டது. 2015-இல் கிடியன் லாக் குழுவினரின் ஆய்வு அதை முற்றிலும் புரட்டிப்போட்டது. கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள, 4 முதல் 11 மாத வயதுடைய 640 குழந்தைகளில் ஒரு பாதிக்கு வேர்க்கடலை உணவைத் தொடர்ந்து கொடுத்தார்கள். மறுபாதிக்கு ஐந்து வயது வரை கொடுக்கவில்லை. தொடக்கத்தில் தோல் பரிசோதனை நெகட்டிவாக இருந்தவர்களில், தவிர்த்தவர்களுக்கு 13.7 சதவீதமும் சாப்பிட்டவர்களுக்கு 1.9 சதவீதமும் ஒவ்வாமை வந்தது. வளரிளம் பருவம் வரை அந்தப் பலன் நிலைத்திருந்ததை 2024-இல் வெளியான தொடராய்வு காட்டியது.

ஆகவே திட உணவு தொடங்கும் பருவத்தில், அதாவது ஆறு மாதத்தை ஒட்டி, குழந்தை தயாரானவுடன், நன்கு வெந்த முட்டையையும், நைசாக அரைத்து இளக்கிய வேர்க்கடலை விழுதையும் ஒவ்வொன்றாகப் பகல் நேரத்தில் சிறிதளவில் தொடங்கி, வாரத்துக்குச் சில முறை தொடர வேண்டும். முழு வேர்க்கடலை தொண்டையில் சிக்கும் என்பதால் சிறு குழந்தைகளுக்கு ஆகவே ஆகாது. கடுமையான கரப்பான் அல்லது ஏற்கெனவே ஓர் உணவு ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு வேர்க்கடலையைத் தொடங்குமுன் மருத்துவரைப் பாருங்கள். அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஒவ்வாமை இருக்கிறது என்பதற்காக மட்டும், கரப்பான் இல்லாத தம்பி தங்கைக்குப் பரிசோதனை செய்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. பரிசோதனைக்குக் காத்திருந்தே அந்த மாதங்கள் கழிந்துபோவதுதான் கூடுதல் இழப்பு.